இந்த மௌனத்தை உங்களுக்கு வழங்குபவர்

வேலை உத்தரவில் சம்பளம் என்ற இடத்தில் "மாதம் நானூறு நொடி" என்று அச்சாகியிருந்தது. நான் இயற்பியல் படித்தவள். எண்ணுக்குப் பக்கத்தில் தவறான அலகைப் போட்டால் மதிப்பெண் குறையும் என்று தெரியும். அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து, வானொலி நிலையத்தின் கணக்கரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"சரியாத்தானே இருக்கு. புதுசா சேர்றவங்களுக்கு நானூறு. எனக்குத் தொள்ளாயிரம்."

"நொடின்னு போட்டிருக்கு சார்."

"ஆமா. பின்ன, சேர்ந்த அன்னைக்கே மணிக்கணக்குலயா குடுப்பாங்க?"

நிலையத்துக்கு விளம்பரம்தான் வருமானம். ஆனால் விளம்பரம் கொடுப்பவர்கள் காசு கொடுப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். பல்பொடிக் கம்பெனி பல்பொடி அனுப்பியது. மெத்தைக் கம்பெனி மெத்தை அனுப்பியது. நிலையமும் அவற்றையே ஊழியர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்து வந்தது. மிஞ்சிய மெத்தைகள் தாழ்வாரத்திலும் ஒலிக்கூடத்திலும் சுவரோடு சுவராக நின்றன. அதனால் அந்தக் கட்டடத்தில் எதிரொலி என்பதே கிடையாது.

காலை நிகழ்ச்சி நடத்துபவரை எல்லோரும் 'வணக்கம் அக்கா' என்பார்கள். அவர் வீட்டில் பதினொரு மெத்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அவரும், மருந்துக் கடையில் நிற்கும் அவருடைய கணவரும், முக்காலி போட்டு ஏறித்தான் தூங்கப் போவார்கள்.

"புரண்டு படுக்கவே பயமா இருக்குடி. விழுந்தா நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார் அக்கா.

ஒரு கட்டத்தில் ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்துபோய், இனி மெத்தை வேண்டாம் என்றார்களாம். இயக்குநர் அந்த நிமிடமே ஒப்புக்கொண்டாராம். அன்றிலிருந்து சம்பளம் நொடியாக மாறியது. ஒவ்வொருவருக்கும் மாதம் இத்தனை நொடி ஒலிபரப்பு நேரம் சொந்தம். அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம்.

நான் சேர்ந்த அன்று இயக்குநர் என்னை அறைக்கு அழைத்து விளக்கினார்.

"காசுங்கிறது என்னம்மா? தாளு. நேத்து நூறா இருந்தது இன்னைக்கு எண்பதா நிக்குது. நொடி அப்படித் தேயுமா? நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. நூறு வருஷம் கழிச்சும் ஒரு நொடி ஒரு நொடிதான். இப்படி ஒரு சம்பளம் குடுக்க எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?"

நீங்களும் நொடியில்தான் வாங்குகிறீர்களா என்று கேட்க நினைத்தேன். நான் கேட்க நினைப்பவற்றில் பெரும்பகுதி தொண்டையோடு நின்றுவிடும். வெளியே வந்ததும் நிலையத்தின் டிரைவர் அண்ணன் கேட்காமலே சொன்னார்.

"அவரா? அவர் தியாகிம்மா. தனக்கு வேணும்னு ஒரு நொடிகூட எடுத்துக்க மாட்டார். காசை வச்சே சமாளிச்சுக்கிறார்."

அன்று மாலை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அப்பா தையல்காரர். கடையில் நாள் முழுக்க மிஷினும் ரேடியோவும் சேர்ந்து ஓடும்.

"நொடியெல்லாம் எனக்குத் தெரியாது. மூணு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள சம்பளம்னு ஒண்ணைக் கொண்டுவந்து என் கட்டிங் மேஜை மேல வை. இல்லன்னா சித்தப்பாவோட சோப்புக் கம்பெனியில ஒரு நாற்காலி காலியா இருக்கு, வந்து உட்காரு."

அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். அதற்கு எதிரே சித்தப்பா. பின்னால் இருக்கும் கதவைத் திறந்தால் சித்தி. இங்கே எனக்கென்று ஓர் அறை இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும் அளவுக்குச் சின்னது. ஆனாலும் எப்போது இடிக்கலாம் என்பதை நான்தான் முடிவு செய்தேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

என் நொடிகளின் முதல் வாடிக்கையாளர் வீட்டுக்கார அம்மா. அந்த மாத வாடகைக்கு நாற்பது நொடி போதும் என்றார்.

"அதுல என்ன வேணா பேசலாமா?"

"பேசலாம்மா."

"ஆளைச் சுட்டிக்காட்டி?"

மறுநாள் காலைச் செய்தி முடிந்ததும் வீட்டுக்கார அம்மாவின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. "மாடி வீட்டு மகராசியே, குழாயை மூடு. டேங்க் உன் அப்பன் வீட்டுதா?" அன்று மாலை, மாடி வீட்டு மகராசி டிரைவர் அண்ணனிடம் ஐம்பது நொடி வாங்கிப் பதில் சொன்னார். அந்த வாரம் நிலையத்தில் நொடி விலை ஏறியது.

பிறகு எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர், கணக்கரின் நொடிகளை வாங்கி, பாக்கி வைத்தவர்களைத் தினமும் பாசத்தோடு நலம் விசாரித்தார். ஓர் ஆசிரியை, பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு வானொலியிலேயே வீட்டுப்பாடம் கொடுத்தார். டிரைவர் அண்ணனின் மனைவி, அவருடைய சம்பளத்திலேயே அவரை விரட்டினார். "வரும்போது துடைப்பம். போன தடவை மாதிரி குட்டையா வேண்டாம்."

நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. வானிலை வாசிப்பவர் தன் அறிக்கையின் நடுவிலிருந்து பதினைந்து நொடியை விற்றுவிட்டார். "நாளை நகரில் பலத்த மழை" என்று தொடங்குவார். பல்பொடி விளம்பரம் வந்து போகும். அது முடிந்ததும் "பெய்ய வாய்ப்பில்லை" என்பார். அதற்குள் பாதி ஊர் குடையைத் தேடி எடுத்திருக்கும்.

இயக்குநருக்கு ஒரே மகிழ்ச்சி. "முன்னெல்லாம் விளம்பரத்துக்கு நடுவுல நிகழ்ச்சின்னு ஒரு ஓட்டை இருந்தது. அது வழியா நேரம் ஒழுகிக்கிட்டே இருந்தது. இப்ப அடைச்சாச்சு."

எனக்கு மட்டும் விற்கத் தெரியவில்லை. கடை கடையாகப் போய் நிற்பேன். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். என்னிடம் மூன்று சீப்புகள் சேர்ந்தன. விற்காத நொடிகள் மாதக் கடைசியில் காலாவதியாகும். அதோடு, நிலையத்தின் நேரத்தை வீணாக்கியதற்கு அபராதமும் உண்டு.

"நீயே பேசித் தீர்த்துடேன், பிசிக்ஸ்" என்றார் வணக்கம் அக்கா. நிலையத்தில் என் பெயர் அதுதான். "உனக்குத் தெரிஞ்ச ஏதாவது. சூரியன் எவ்வளவு தூரம், அது இதுன்னு."

மறுநாள் மத்தியானம், சூரிய வெளிச்சம் நம்மை வந்து சேர ஆகும் நேரத்தைப் பற்றி மூன்று வாக்கியங்கள் எழுதி எடுத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குப் பத்து நொடி. சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் திறக்கவில்லை.

ஒலியளவு காட்டும் ஊசி பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. அந்த ஊசி அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் நிலையத்தில் ஓர் இயந்திரம் உண்டு. பன்னிரண்டு நொடி சத்தமே வராவிட்டால், ஆள் யாரோ செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மணியடிக்கும். பத்தாவது நொடியில் பல்பொடி விளம்பரம் வந்து என்னைக் காப்பாற்றியது.

வேலை போய்விட்டது என்று பையை எடுத்தேன். அப்போது தொலைபேசி அடித்தது.

"இப்ப ஒண்ணு போட்டீங்களே, அது என்ன?" என்றார் ஒரு பெரியவர்.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"இல்லம்மா, நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுக் கடிகாரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும். மறுபடி எப்பப் போடுவீங்க?"

அடுத்து ஒரு தாய். குழந்தை தூங்கிவிட்டதாம். அந்தக் கடைசி ஐந்து நொடியை மட்டும் திரும்பப் போட முடியுமா என்று கேட்டார். மாலைவரை மணி ஓயவில்லை.

மறுநாள் இயக்குநர் எல்லோரையும் கூட்டினார்.

"முப்பது வருஷமா பேசிக்கிட்டே இருக்கோம். ஒருத்தராவது போன் பண்ணி நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்களா? நேத்து வாயை மூடினோம். ஊரே பாராட்டுது. இதுலேர்ந்து என்ன தெரியுது?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"பாருங்க, அதுக்குள்ள கத்துக்கிட்டீங்க" என்றார். "இத்தனை நாளா மௌனத்தை நாம இனாமா வெளியில விட்டிருக்கோம். ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல. மூச்சு வாங்குற இடத்துல. எவ்வளவு நஷ்டம்! இனிமே யாரும் இஷ்டத்துக்கு இடைவெளி விடக் கூடாது. எல்லாத்தையும் சேர்த்து, ஒரே இடத்துல மொத்தமா விக்கப் போறோம்."

வணக்கம் அக்கா மூச்சு விடாமல் வாசிக்கப் பழகினார். இரண்டாம் நாள், நேயர் விருப்பத்தின் நடுவில் மேஜை மேல் சாய்ந்துவிட்டார். அவர் மயங்கிக் கிடந்த நேரத்தை அவருடைய சம்பள நொடிகளிலிருந்து கழித்துக்கொண்டார்கள். தண்ணீர் தெளித்த எனக்கு, அனுமதியின்றி ஒலிக்கூடத்தில் சத்தம் செய்ததாக ஓர் எச்சரிக்கை.

மௌனத்தின் தரத்தைச் சோதிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. மூவரும் இயக்குநரின் மைத்துனர்கள். எங்களை ஒவ்வொருவராக மைக் முன்னால் உட்காரவைத்து, அடுத்த அறையில் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"டிரைவரோட மௌனத்துல இப்ப இருமிடுவாரோ இப்ப இருமிடுவாரோன்னு பதட்டமா இருக்கு" என்றார் முதலாமவர்.

"கணக்கரோடது சரியில்ல. எதையோ மறைக்கிற மாதிரி இருக்கு" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் நான் எழுந்து வந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. "இந்தப் பொண்ணோடது நல்ல பழக்கப்பட்ட மௌனம். பரம்பரையா வந்திருக்கும்."

என் படிப்பு எனக்குள் முணுமுணுத்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரு தடவை பதிவு பண்ணி வச்சுக்கிட்டா தினமும் போடலாமே சார்? எல்லா மௌனமும் ஒண்ணுதானே?"

இயக்குநர் முகம் வாடிவிட்டது. "நேயர்களை ஏமாத்தச் சொல்றியாம்மா?"

நான் மௌனப் பிரிவின் தலைவியானேன். சம்பளம் அதே நானூறு நொடி. பேசுகிற வேலை இல்லாததால் முந்நூறாகக் குறைக்கலாம் என்று மைத்துனர்கள் சொன்னார்களாம். இயக்குநர்தான் பெருந்தன்மையாக மறுத்தாராம். மணியடிக்கும் இயந்திரத்தின் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு முழு நிமிடம் நான் மைக் முன்னால் சும்மா இருக்க வேண்டும்.

ஆனால் சும்மா இருப்பதை யார் வாங்குவார்கள்? மெத்தைக் கம்பெனிக்காரர் வந்து கேட்டுவிட்டு, தூக்கம் இதிலேயே வந்துவிட்டால் மெத்தை எதற்கு வாங்குவார்கள் என்று கோபித்துக்கொண்டு போனார். ஆள் கிடைக்காவிட்டால் பிரிவை மூடிவிடுவோம் என்றார் இயக்குநர். மூன்றாம் மாதம் பிறந்திருந்தது. சோப்பு வாசனை எனக்கு மூக்கிலேயே இருந்தது.

ஒரு நாள் கணக்கர் ஓடிவந்து கதவைச் சாத்தினார். ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் கிடைச்சாச்சு. மாசம் முழுக்க வாங்கிட்டார். காசு. ரொக்கமா. பேரை மட்டும் சொல்லக் கூடாதாம்."

அன்றிலிருந்து இரண்டு மணிக்கு முன்னால் வணக்கம் அக்கா ஒரே மூச்சில் அறிவித்தார். "அடுத்து வரும் மௌனத்தை உங்களுக்கு வழங்குபவர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு நேயர்." பிறகு நான் உட்கார்ந்திருப்பேன். ஊசி படுத்திருக்கும்.

மாதக் கடைசியில் எனக்கு ஓர் உறை வந்தது. அதில் நோட்டுகள் இருந்தன. விஷயம் பரவி எல்லோரும் பார்க்க வந்துவிட்டார்கள்.

"கவலைப்படாதே, சில பேருக்கு அபூர்வமா இப்படி வரும்" என்றார் டிரைவர் அண்ணன். "போன வருஷம் வண்டியில விளம்பரம் பண்றோம்னு சொல்லி எனக்கும் ஒரு தடவை வந்துச்சு. நோட்டெல்லாம் ஒரே மாவு. தட்டிட்டு வச்சுக்கிட்டேன்."

"எனக்கு வந்தது இருமல் மருந்து வாசனை அடிச்சுது" என்றார் வணக்கம் அக்கா. "என் வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அழுதே விட்டார்."

அடுத்த பேருந்தில் ஊருக்குப் போனேன். அப்பா கால்சட்டைத் துணி ஒன்றைக் குறித்துக்கொண்டிருந்தார். உறையைக் கட்டிங் மேஜை மேல் வைத்தேன். அவர் பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, நோட்டுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். புருவம் ஏறியது.

"என்னது, பாதிதான் இருக்கு?"

நான் அவரைப் பார்த்தேன்.

"முழுசா எவ்வளவுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அப்பா பதில் சொல்லவில்லை. நன்றாகப் பழக்கப்பட்ட மௌனம். மேஜை மேல் அவர் துணியில் குறிக்கும் நீலச் சாக்குக்கட்டி கிடந்தது. அவருடைய கட்டைவிரல் நீலமாக இருந்தது. ஒவ்வொரு நோட்டின் மடிப்பிலும் ஒரு நீலக் கறை இருந்தது.

"ஒரு நாள் ரேடியோ திடீர்னு நின்னு போச்சு" என்றார் கடைசியில். "பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு புதுசு மாத்தினேன். அப்புறம் தினமும் ரெண்டு மணிக்கு அப்படியே நின்னுது. ரெண்டாம் நாள் தெரிஞ்சுபோச்சு, அது நீதான்னு."

"நான் ஒண்ணுமே பேசலையேப்பா."

"இருபத்திரெண்டு வருஷமா வீட்டுல அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்?" மிஷினின் சக்கரத்தைக் காரணமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினார். "உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தார். மைத்துனராம். உங்க பொண்ணோட நிகழ்ச்சியை யாராவது வாங்கலன்னா மூடிடுவோம், பொண்ணு வேலை போயிடும்னார். வாங்கிட்டேன்."

"பாதியை அவங்க எடுத்துக்கிட்டாங்கப்பா."

"அதான் இப்ப எண்ணினேனே."

சோப்புக் கம்பெனியை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம் எனக்கு மாவு நினைவாகவே இருந்தது. டிரைவர் அண்ணனின் அம்மா மாவு மில் வைத்திருக்கிறார். வணக்கம் அக்காவின் கணவர் மருந்துக் கடையில் நிற்கிறார். கணக்குக்கு அதற்கு மேல் படிகள் தேவைப்படவில்லை.

மறுநாள் இரண்டு மணி. அக்கா ஒரே மூச்சில் அறிவித்துவிட்டு வெளியே போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஊசி படுக்கப் போனது.

"அப்பா" என்றேன். ஊசி துள்ளி எழுந்தது. "இனிமே எனக்காகக் காசு குடுக்காதீங்க. டிரைவர் அண்ணனோட அம்மா, நீங்களும் குடுக்காதீங்க. மருந்துக் கடை அண்ணா, நீங்களும்தான். எங்க சம்பளத்தை எங்க வீட்டுலேர்ந்தே வாங்கி, பாதியை எடுத்துக்கிட்டு மீதியை எங்களுக்குத் தர்றாங்க. இங்க வேற வருமானமே இல்ல. மெத்தைதான் இருக்கு."

மீதி நேரத்துக்குச் சும்மா இருந்தேன். அதுவரை பேசியதுதான் என் வாழ்நாளிலேயே நீளமான பேச்சு.

இயக்குநர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"அருமைம்மா! கேட்கிறவன் அழுதுடுவான். இதைத் தினமும் வச்சுக்கலாம். இதை யார் வாங்குவாங்க?"

தொலைபேசி அடித்தது. அவரே எடுத்தார். அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"ஐயா, நான் காசு குடுத்தது அவ பேசாம இருக்கிறதுக்கு. பேசிட்டா. எங்க தொழில்ல பேன்ட் கேட்டவருக்குச் சட்டை தைச்சுக் குடுத்தா காசைத் திருப்பிடுவோம். எப்ப வரட்டும்?"

அடுத்து டிரைவர் அண்ணனின் அம்மா. அவர் எதுவும் விளக்கவில்லை. மில்லை மூடிவிட்டு நேரில் வருவதாக மட்டும் சொன்னார். நிலையத்தில் ரொக்கம் இல்லை என்று கணக்கர் கையை விரித்தார். "நொடியா வாங்கிக்கிறீங்களா?" என்று வந்தவர்களிடம் கேட்டும் பார்த்தார். அந்த அம்மா சுவரைப் பார்த்தார். பிறகு ஒரு மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான். இரண்டு நாளில் எல்லோர் வீட்டிலிருந்தும் ஆள் வந்து, தாழ்வாரமும் ஒலிக்கூடமும் காலி. கட்டடத்தில் முதல்முறையாகக் காலடிச் சத்தம் கேட்டது.

அந்த மெத்தைகளை அப்பா பிரித்தார், வெட்டினார், உறை தைத்தார். நாற்காலி மெத்தை, வண்டிச் சீட்டு, முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. டிரைவர் அண்ணன் மில் வண்டியில் ஏற்றிவந்தார். வணக்கம் அக்கா தன் பதினொன்றில் பத்தைக் கொடுத்துவிட்டு, சந்தை வாசலில் நின்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் தாராளமாக மூச்சு விட்டுக் கூவினார். அளவெடுப்பதும் காசு வாங்குவதும் என் வேலை. அறை வாடகையைக் காசாகவே கொடுத்தேன். வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் வருத்தம். மாடியில் இன்னும் குழாய் ஓடுகிறதாம். சித்தப்பாவின் காலி நாற்காலிக்கும் அளவெடுத்து ஒன்று தைத்து அனுப்பினோம்.

ஒரு நாள் இயக்குநர் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"ஒலிக்கூடத்துல எதிரொலி தாங்க முடியலம்மா. சுவத்துல ஒட்ட ஏதாவது வேணும். ஒவ்வொரு விளம்பரமும் ரெண்டு தடவை கேக்குது. அவங்க ஒண்ணுக்குத்தான் பல்பொடி தர்றாங்க."

நான் சுவரின் அளவைக் கேட்டு விலையைச் சொன்னேன்.

"காசு எதுக்கும்மா நமக்குள்ள? எண்ணூறு நொடி தரேன். உனக்கு அங்க குடுத்ததுல ரெண்டு மடங்கு. யோசிச்சுப் பாரு."

அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் சிரித்தார். சிரிப்பை நிறுத்தினார். வண்டியைப் பார்த்தார். அக்கா கூவுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மணியடிக்கும் பன்னிரண்டாவது நொடி வருவதற்குள் இயக்குநரின் கை சட்டைப் பைக்குள் போனது.

நோட்டுகளை வாங்கிப் பிரித்தேன். மடிப்பில் நீலக் கறை இருந்தது.